புகைபோக்கியில் ஒரு சல்லடை

டிசம்பர் 8

இது போன வருஷத்து டைரி. உரக்கடையில் கொடுத்தது, புரட்டப்படாமலே கிடந்தது. தேதி சரியாக வரும், கிழமைதான் பொய் சொல்லும். ஆகவே கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது என் மனைவி பூவாயி. எங்கள் மகள் தமயந்திக்குத் திருப்பூரில் பெண் குழந்தை பிறந்து பதினெட்டு நாள் ஆகிறது. பூவாயி அங்கே போய் ஒரு மாதம். கோத்தகிரிக்கு மேலே இந்தத் தகரக் கூரை வீட்டில் நானும் பூனையும் மட்டும். பூனைக்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாது, எல்லா இடத்தையும் சுற்றிப் பார்க்கும். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவனுக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

இன்று மத்தியானத்துக்குள் ஏழு தடவை போன் செய்துவிட்டேனாம். பூவாயி அடங்கிய குரலில் திட்டினாள். "ஏங்க, பூனை தும்முனதை எல்லாம் எங்கிட்ட சொல்லணுமா? பிள்ளை இப்பத்தான் கண்ணசந்திருக்கு. தோணுறதை எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைங்க. வந்து படிச்சுக்கறேன்."

எனக்குத் தனிமை ஒன்றும் இல்லை. ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

டிசம்பர் 10

சம்பந்தியம்மா ருக்குமணி பேசினார். நல்ல மனுஷி. ஆனால் அவர் பேசும்போது நான் எழுந்து நின்றுகொள்கிறேன், போனில்கூட.

"அனுப்ப மாட்டேன்னு சொல்லலைங்க சம்பந்தி. தமயந்திக்கும் அம்மா ஊட்டுக்கு வரோணும்னு இருக்குது, எனக்குத் தெரியாதா? ஆனா அங்க பனி விழுகுது. ரூமு கதகதப்பா இருக்கோணும். பிள்ளை ஒரு தும்மல் தும்முனாலும் அன்னைக்கே கார் வந்துரும். பொறகு சித்திரையிலதான்."

"சரிங்க" என்றேன். சித்திரை வருவதற்குள் பாப்பா குப்புற விழுந்து, தவழ்ந்து, என்னை யார் என்று கேட்பாள்.

ஒரு வழிதான் இருக்கிறது. கிழக்கு அறையில் விறகு அடுப்பு வைக்கப்போகிறேன். சமையல் அடுப்பு இல்லை; பங்களாக்களில் இருக்குமே, இரும்பில், கண்ணாடிக் கதவு வைத்து, குழாய் கூரைக்கு மேலே போவது. அது.

டிசம்பர் 12

வெல்டிங் கடை யாக்கூப் பாய் வந்து அளவெடுத்தார். சுவரிலிருந்து ஒரு கை தள்ளித்தான் அடுப்பு நிற்க வேண்டும், கீழே கடப்பாக்கல் போட வேண்டும், குழாய் மேற்பலகையைத் தொடாமல் பெரிய குழாய்க்குள் சின்னக் குழாயாகப் போக வேண்டும், கூரை முகட்டுக்கு மேலே மூன்றடி நிற்க வேண்டும் என்றார்.

"மூணடி எதுக்கு பாய்? ஒன்றரை அடி பத்தாதா?"

"அண்ணே, அடுப்பு மூச்சு விடறது அந்தக் குழாயிலதான். உங்க மூக்கைப் பாதியா வெட்டிட்டு வாங்க, நானும் குழாயைப் பாதியா வெட்டறேன்."

எனக்கும் தீயைப் பற்றித் தெரியும் என்றேன். தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் தீ எரிந்தது பக்கத்து அறையில்தானே. நான் இருந்தது தூள் சலிக்கும் அறை. அவர் அளவு நாடாவைச் சுருட்டினார்.

டிசம்பர் 18

அடுப்பு வந்தது. நான்கு பேர் தூக்கினார்கள். நான் ஐந்தாவது ஆளாக "மெல்ல, மெல்ல" என்று சொன்னேன்.

பாய் போகும்போது சொன்னவற்றை எழுதி வைக்கிறேன். காய்ந்த விறகு மட்டும்; இரண்டு கட்டையைத் தட்டினால் டங் என்று கேட்க வேண்டும். சீகை மரம் நல்லது, பச்சைக் கற்பூர மரம், அதுதான் தைல மரம், ஆகாது, குழாயில் தார் மாதிரிப் படியும். மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. மேலே துணி காயப்போடக் கூடாது. ஜன்னல் எப்போதும் இரண்டு விரல் திறந்திருக்க வேண்டும். சாம்பலை இரும்பு வாளியில் அள்ளி வெளியே வைக்க வேண்டும். குழாயின் வாயில் எதையும் வைக்கக் கூடாது, அவர் போட்ட தொப்பி போதும்.

இன்னும் ஏதோ சொன்னார். பால் பொங்கியதால் போய்விட்டேன்.

டிசம்பர் 19

முதல் தீ. முதலில் வீடு முழுக்கப் புகை, பிறகுதான் குழாய்க்குத் தன் வேலை ஞாபகம் வந்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே. கண்ணாடிக்குள் ஒரு சின்ன மலை சிவப்பாக எரிந்து, மெல்லச் சரிந்து, மறுபடி எழுந்தது. வெளியே மேகம் இறங்கி வாசற்படி வரை வந்து நின்றது, உள்ளே வரக் கூச்சப்பட்டது போல. மேனேஜர் அடுப்புக்கு முன்னால் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

அந்த வெளிச்சத்தில் மூலையில் ஒரு தொட்டில் ஆடுவது போலவே இருந்தது. கொக்கிதான் இருக்கிறது, தொட்டில் இன்னும் கட்டவில்லை.

டிசம்பர் 20

சாம்பல் ஆறிவிட்டது என்று நினைத்தேன். பிளாஸ்டிக் வாளி இப்போது தட்டாக இருக்கிறது. பூவாயி, இதைப் படித்ததும் சிரித்துவிடு, திட்டாதே. அந்த நீல வாளி உனக்கும் பிடிக்காது.

டிசம்பர் 23

குரங்குகள். எட்டு, பத்து இருக்கும். கூரையில் ஏறி, புகைபோக்கியைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்கின்றன. ஒன்று தொப்பியைத் தூக்கிப் பார்த்து, தின்ற கொய்யாவின் மீதியை உள்ளே போட்டது. கொய்யா நேரே தணலில் விழுந்தது. வறுபட்ட வாசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்குப் பாப்பா இருக்கும்போது கல்லைப் போட்டால்?

பரணில் என் பழைய சல்லடை இருந்தது. ரிட்டையர் ஆன அன்று மாலைக்கும் சால்வைக்கும் பதில் நான் கேட்டு வாங்கி வந்த வலை. மிக நைசான தூள் சலிப்பது. அதில் எறும்பு நுழையக்கூட மனு கொடுக்க வேண்டும். வட்டமாக வெட்டி, தொப்பிக்குக் கீழே குழாய் வாயில் இறுக்கிக் கம்பி கட்டினேன். ஐம்பத்தொன்பது வயதில் கூரை ஏறியிருக்கிறேன். கீழே நின்று பார்க்க ஆள் இல்லை என்பதுதான் குறை.

வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று பாய் சொன்னது துணி, செங்கல் மாதிரிச் சாமானை. சல்லடை என்பது முழுக்க ஓட்டைதானே.

டிசம்பர் 24

குரங்குகள் வந்தன, பார்த்தன, போய்விட்டன. முப்பத்தோரு வருஷ அனுபவம்.

டிசம்பர் 27

சீகை தீர்ந்துவிட்டது. பக்கத்தில் வெட்டிய கற்பூர மரம் கிடைத்தது. கொஞ்சம் ஈரம். தட்டினால் டங் என்று கேட்கவில்லை, சொத் என்று கேட்டது. எரிய எரியக் காய்ந்துவிடும்.

சம்பந்தியம்மா மறுபடி போன். "ஜன்னல்ல காத்து வருமாங்க?" வரவே வராது என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாக்கைக் காப்பாற்ற மைதாப் பசை காய்ச்சி, பழைய பேப்பர் கிழித்து, ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றையும் ஒட்டினேன். இரண்டு விரல் இடைவெளி என்று பாய் சொன்னதைப் பாப்பா வந்த பிறகு யோசிக்கலாம்.

சாயங்காலம் அறை முட்டைக்குள் இருப்பது போலிருந்தது.

டிசம்பர் 29

விறகு சீக்கிரம் தீர்கிறது என்று அடுப்பின் காற்றுத் துவாரத்தை மூடி வைத்தேன். தணல் நீறு பூத்து அப்படியே கிடக்கிறது. ஒரு கட்டை மூன்று மணி நேரம் வருகிறது.

அடுப்பு முன் உட்கார்ந்தால் எழத் தோன்றவில்லை. சுகமாக இருக்கிறது. தொழிற்சாலைக் கனவு வந்தது. நான் மேகத்தைச் சலித்துக்கொண்டிருக்கிறேன். அள்ளி அள்ளிப் போடுகிறேன், வலைக்குக் கீழே வெள்ளையாக, சத்தமே இல்லாமல் விழுகிறது. கடைசித் தட்டை இழுத்துப் பார்த்தால் பாப்பா, தேயிலை வாசனையோடு தூங்குகிறாள். "முதல் தரம்" என்று சீட்டு ஒட்டினேன்.

விழித்தபோது நெற்றியில் யாரோ விரலால் அழுத்துவது போலத் தலைவலி. பனித் தொப்பி இறுக்கம். வேறு தொப்பி வாங்க வேண்டும்.

ஜனவரி 1

அடுப்பு பற்ற வைக்கவில்லை. கோத்தகிரி போய்த் தொட்டில் சேலைக்கு வளையம், இரும்பு வாளி, பாப்பாவுக்குக் கம்பளி வாங்கினேன். நாள் முழுக்கச் சுற்றியும் களைப்பு இல்லை. தலைவலியும் இல்லை. புது வருஷம் ராசி.

பழைய தொப்பிதான் போட்டிருந்தேன்.

ஜனவரி 3

இன்று பூவாயி வந்தாள். வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். "பேப்பர் எல்லாம் கோணலா ஒட்டியிருக்கீங்க" என்றாள். "நேராத்தான் ஒட்டினேன், வீடு கோணல்" என்றேன். சிரித்தாள். கீரைத்தண்டு உடையும் சத்தம்கூடக் கேட்டது. கண்ணைத் திறந்தால் நாற்காலியில் என் துண்டு.

சோறு அடியில் கருகிவிட்டது. வாசனை எனக்குத் தெரியவே இல்லை.

மேனேஜர் இந்த அறைக்கு வருவதில்லை. கதவைத் திறந்து கூப்பிட்டாலும் வாசலில் நின்று பார்க்கிறது, வெளியே போய் விறகுக் குவியல் மேல் படுக்கிறது. இந்தக் குளிரில். பெரிய ஆபீசர்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று யாருக்குத் தெரியும்.

ஜனவரி 5

தலைவலி. சுக்குப் பற்றுப் போட்டேன். ஒரு தடவை வாந்தி. நேற்றைய கருவாடு.

ஜனவரி 6

பால் வாங்கப் போகும் வழியில் தலைவலி போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகு சாயங்காலம் திரும்பி வந்தது. கிழவனுக்குத் துணைக்கு ஒரு வலியாவது வருகிறது.

மாப்பிள்ளை லோகேஸ்வரன் பேசினார். பத்தாம் தேதி பூவாயி, தமயந்தி, பாப்பா மூவரையும் காரில் கொண்டுவந்து விடுகிறாராம். போனை வைத்துவிட்டு அறையைப் பெருக்கினேன். பிறகு மறுபடி பெருக்கினேன்.

ஜனவரி 8

தொட்டில் கட்டினேன். பூவாயியின் பழைய சுங்குடிச் சேலை. ஒரு தலையணையைப் போட்டு ஆட்டிப் பார்த்தேன். அடுப்பு வெளிச்சத்தில் அது போகிறது, வருகிறது. எவ்வளவு நேரம் ஆட்டினேன் என்று தெரியவில்லை. தலையணை நன்றாகத் தூங்கியது.

ஜனவரி 10

வந்துவிட்டார்கள். மத்தியானம் ஒன்றரை மணி. காலையிலிருந்தே அடுப்பை எரித்து, அறையைச் சூடாக்கி, தணலாக்கி, துவாரத்தை மூடி வைத்திருந்தேன். மாப்பிள்ளை கதவைத் திறந்ததும் "மாமா, ஏசி வெச்ச மாதிரி இருக்குது, ஆனா தலைகீழா" என்றார். அவர் சொன்னதிலேயே இதுதான் பெரிய பாராட்டு. டீ குடித்துவிட்டு உடனே கிளம்பிவிட்டார், நாளை வேலை.

பாப்பாவுக்கு என் மூக்கு. பாவம்.

வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாளாம். தொட்டிலில் போட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும், அசந்து தூங்குகிறாள். முகம் நல்ல சிவப்பு. தமயந்தியும் "கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கலப்பா, தலை பாரமா இருக்கு" என்று பக்கத்தில் படுத்துவிட்டாள். அறை அவ்வளவு அமைதி. இந்த ஒரு மாதமாக நான் கண்ட கனவுக்குள் அப்படியே இருவரையும் எடுத்து வைத்தது போல இருக்கிறது.

பூவாயி சமையலறையிலிருந்து டைரியைக் கேட்கிறாள். கொடுக்கப் போகிறேன்.

ஜனவரி 11

நேற்று நடந்ததை எழுத வேண்டும். எழுத்து கோணலாக இருக்கும். வீடு கோணல் என்று இந்தத் தடவை சொல்ல முடியாது.

பூவாயி சமையலறைப் பலகையில் உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் டைரியைச் சத்தமாகப் படித்தாள். வாளிக்குத் திட்டினாள். குரங்குக்குச் சிரித்தாள். "கூரை மேல ஏறினீங்களா, இந்த இடுப்பை வெச்சுக்கிட்டா?" என்றாள். கீரை ஆய்ந்த இடத்தை இரண்டு தடவை படித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அரிசிப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். முன்னால் புரட்டினாள். ஒரு விரலை ஒரு பக்கத்திலும் இன்னொரு விரலை இன்னொரு பக்கத்திலும் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க. ஒண்ணாம் தேதி தலைவலி இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. ராசியான நாள்."

"அன்னைக்கு அடுப்பு எரிக்கல."

"ஊருக்குப் போயிருந்தேன்ல."

"அடுப்பு எரிச்ச அன்னைக்கெல்லாம் தலைவலி. வெளிய போனா இல்ல. பூனை எங்க?"

நான் ஜன்னல் வழியே காட்டினேன். மேனேஜர் விறகுக் குவியல் மேல், மேகத்துக்கு நடுவில், சுருண்டு கிடந்தது.

பூவாயி டைரியைத் தரையில் போட்டுவிட்டு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்து இருபது வருஷம் இருக்கும். கதவைத் திறந்தது எனக்குத் தெரியும். ஜன்னலில் நான் ஒட்டிய பேப்பரை அவள் இரண்டு கையாலும் பிய்த்தது தெரியும். அந்தப் பசை நன்றாகக் காய்ச்சிய பசை, வரமாட்டேன் என்றது. நான் விறகுக் கட்டையால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தேன். தமயந்தியை எழுப்பினால் "இரும்மா, இன்னும் கொஞ்ச நேரம்" என்கிறாள், கால் நிற்கவில்லை. நான் அவளைத் தாங்கினேன். பூவாயி பாப்பாவைத் தூக்கினாள்.

வெளியே மேகம் வாசலை மூடியிருந்தது. பூவாயி அந்த வெள்ளையில் நின்று பாப்பாவின் பாதத்தைச் சுண்டினாள். பாப்பா தூங்கினாள். மறுபடி சுண்டினாள். நான் மனதுக்குள் எண்ணினேன். எதற்கு எண்ணினேன் என்று தெரியாது. பதினாலு வந்தபோது பாப்பா முகத்தைச் சுளித்தாள். பிறகு வாயைத் திறந்தாள். அந்த அழுகை கீழே தேயிலைக் காடு வரை போயிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெள்ளி ஜீப்பை எடுத்தார். கோத்தகிரி ஆஸ்பத்திரியில் தமயந்திக்கும் பாப்பாவுக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள், எனக்கும் ஒன்று. டாக்டர் அம்மா பாப்பாவைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இன்று காலை எங்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 12

யாக்கூப் பாய் வந்து கூரை ஏறினார். சல்லடையைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு ஓட்டைகூட இல்லை. தோசைக்கல்லின் அடிப்பக்கம் போலத் தார் பிடித்துக் கிடந்தது.

"எதுக்குண்ணே இது?"

"குரங்குக்கு."

"நல்லா வேலை செஞ்சிருக்கு. உள்ள இருந்த குரங்கு ஒண்ணு கூட வெளிய போகல" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

பிறகு குரலை இறக்கினார். "புகைன்னா கண்ணைக் கரிக்கும், நீங்களே எந்திரிச்சு ஓடிருவீங்க. மூடி வெச்ச தணல்ல இருந்து வர்ற விஷக் காத்து அப்படி இல்லண்ணே. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தாலாட்டிக்கிட்டே வரும்."

எனக்குக் கீரை ஆய்ந்த சத்தம் கேட்டது.

குழாயைச் சங்கிலி கட்டிய துணியால் துடைத்து, குரங்குக்காக விரல் நுழையும் அளவு இடைவெளியில் கம்பிக் கூண்டு வைத்தார். பெள்ளி காய்ந்த சீகை கொண்டுவந்தார். டங் என்றது. உடைந்த கண்ணாடிக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. ஜன்னல் இரண்டு விரல் திறந்து நிற்க ஒரு ஆப்பும் அடித்தோம்.

ஜனவரி 13

போகி. ஊரெல்லாம் பழையதை எரிக்கிறார்கள். நான் இன்று எதையும் எரிக்கவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு நானே போன் செய்தேன். தமயந்தி "நான் சொல்றேன்பா" என்றாள், வேண்டாம் என்றேன். எழுந்து நின்றுகொண்டேன். சல்லடை, பசை, ஈர விறகு, மூடிய துவாரம், எல்லாம் சொன்னேன். பாப்பா பால் குடிக்கிறாளா என்று மட்டும் கேட்டார். பிறகு, "நாளைக்குக் கார்ல வர்றேனுங்க" என்றார்.

தொட்டில் சேலையை அவிழ்க்கட்டுமா என்று பூவாயியைக் கேட்டேன். "அவங்க சொல்லட்டும், அவிழ்க்கலாம்" என்றாள். ராத்திரி பாப்பாவின் துணிகளை மடித்துப் பையில் வைத்தவளும் அவள்தான்.

ஜனவரி 14

பொங்கல் பொங்கி இறக்கியபோது கார் வந்தது. சம்பந்தியம்மா மாப்பிள்ளையோடு இறங்கி, என்னைத் தாண்டிக் கிழக்கு அறைக்குப் போனார். அடுப்பில் சீகை தெளிவாக எரிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை அந்த விஷக் காற்று வந்தால் கத்துகிற மெஷின் ஒன்று வாங்கி வந்து சுவரில் மாட்டினார். அதன் பொத்தானை அழுத்திக் காட்டினார். அது கத்திய கத்தலில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

சம்பந்தியம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடிக் கதவை வெகுநேரம் பார்த்தார். "எங்க ஊட்டுலயும் கதவைச் சாத்திட்டு, தொட்டிலுக்கு அடியில கரித்தணல்ல சாம்பிராணி போட்டு வெச்சேனுங்க" என்றார் மெதுவாக. "தினமும். பிள்ளை நல்லாத் தூங்குதுன்னு ஊரெல்லாம் சொன்னேன்."

மேகம் ஜன்னலின் இரண்டு விரல் இடைவெளியில் மெலிதாக எட்டிப் பார்த்தது, ஒரு இழை உள்ளே வந்து கரைந்தது.

அப்போது பாப்பா தும்மினாள்.

சின்னத் தும்மல்தான். ஆனால் பூவாயி கையில் பிடித்திருந்த பொங்கல் தட்டைக் கீழே வைத்தாள். தமயந்தி மாமியாரைப் பார்த்தாள். நான் வாசலில் நின்ற காரைப் பார்த்தேன்.

சம்பந்தியம்மா எழுந்தார். நேரே ஜன்னலுக்குப் போனார். அந்த இடைவெளியில் தன் விரலை வைத்துப் பார்த்தார். ஒன்று. இரண்டு. பிறகு ஆப்பைத் தட்டிக் கழற்றினார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவர் மூன்றாவது விரலையும் உள்ளே விட்டு, ஜன்னலை அந்த அளவுக்குத் தள்ளி, ஆப்பை மறுபடி செருகினார்.

"மூணு விரல் இருக்கட்டுங்க சம்பந்தி" என்றார். தன் தோளிலிருந்த சால்வையை எடுத்துப் பாப்பாவின் மேல் போட்டார்.

மேனேஜர் வாசற்படியில் நின்று அறையைச் சுற்றிப் பார்த்தது. பிறகு உள்ளே வந்து, அடுப்புக்கு முன்னால் மல்லாந்து படுத்தது.